மூன்று வருட விரதம்

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் என்னைப் போல விரதகாரன் இல்லை என்று பெயர் இருந்தது. வெள்ளிக்கிழமை பிடிப்பேன். செவ்வாய்க்கிழமையும் பிடிப்பேன். சதுர்த்தி, சஷ்டி, பிரதோஷம், கார்த்திகை, ஆவணி ஞாயிறு, புரட்டாதிச் சனி என்று பஞ்சாங்கத்தில் எது அகப்பட்டாலும் விடமாட்டேன். கோயில் ஐயரே ஒருமுறை என்னைக் கண்டு, "நொத்தாரிசு ஐயா, வாற கிழமை என்னென்ன விரதம் வருது?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

உண்மையைச் சொல்கிறேன். விரதம் பிடிக்கிற நாளில் ஆண்பிள்ளை மனைவியின் பாயை நெருங்கக் கூடாது. எனக்கோ நெருங்க ஏலாமல் இருந்தது. கூடாது என்பதற்குள் ஏலாது என்பதை ஒளித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். காணிப் பத்திரம், உறுதி எழுதும் நொத்தாரிசு வேலை பார்க்கிறவனுக்கு இப்படிப்பட்ட புத்தி சுலபமாக வரும். ஒரு பரப்புக் காணியை நாலு பேருக்குப் பிரித்து எழுதும்போது எந்த மூலையை எந்தச் சொல்லுக்குள் மறைக்கலாம் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய மூளை அது.

இது தொடங்கியபோது எனக்கு முப்பத்துநாலு வயது. பெரிய யுத்தம் வருவதற்கு ஐந்தாறு வருடங்களுக்கு முன். முதல்நாள் களைப்பு என்று நினைத்தேன். அடுத்தமுறை வெக்கை என்று நினைத்தேன். மூன்றாம்முறை மத்தியானம் சாப்பிட்ட பலாப்பழத்தின்மேல் பழியைப் போட்டேன். நாலாம்முறை பழி போட ஒன்றும் மிஞ்சவில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு உயில், அதாவது மரணசாதனம், எழுதிக்கொடுத்தவன் நான். என் உடம்பின் ஒரு பகுதி என்னைக் கேளாமலே தன் மரணசாதனத்தை எழுதி முடித்துவிட்டிருந்தது. சாட்சிக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை.

அதற்கு ஏழெட்டு மாதம் முன்னர் எங்களுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து, பிறக்கும்போதே உயிரில்லாமல் இருந்தது. ஆண்பிள்ளை. மனைவி காய்ச்சலில் அறிவில்லாமல் கிடந்தாள். நானும் அவளுடைய அண்ணனும் பிள்ளையைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அதைப் பற்றி அவளோடு கதைக்க வேண்டாம், கதைத்தால் காய்ச்சல் திரும்பும் என்று மருத்துவிச்சி சொன்னாள். நான் கதைக்கவில்லை. காய்ச்சல் மாறிய பிறகும் கதைக்கவில்லை.

என் மனைவி இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். பிள்ளை செத்தது; புருஷன் விலகினான். தன் வயிறு ஒரு ஆண்பிள்ளையைக் கொன்றுவிட்டது என்பதற்காக நான் அவளை வெறுக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டாள். இது எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. வாசிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். சொல்லாவிட்டால் நான் செய்த கூத்துகளைக் கேட்டு நீங்களும் என்னைப் போலவே ஒன்றும் அறியாமல் சிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

நாங்கள் இருந்தது உரும்பிராயில் அவளுக்குச் சீதனமாக வந்த வீட்டில். வேறு நாட்டுப் பெண்கள் புருஷனோடு மனத்தாங்கல் வந்தால் தாய்வீட்டுக்குப் போவார்களாம். அவள் எங்கே போவாள்? அவள் நின்றதே தாய்வீடு. போவதென்றால் நான்தான் போகவேண்டும். அதனால் அவள் அதே வீட்டில், அதே அடுப்படியில் நின்று, எனக்கு விரதச் சமையல் செய்துகொண்டிருந்தாள். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது.

"இஞ்சருங்கோ, நாளைக்கும் விரதமோ?" என்று கேட்பாள்.

"ஓம். நாளைக்கு அட்டமி."

"அட்டமிக்கு ஆருக்கு விரதம்?"

"வைரவருக்கு."

"வைரவருக்கு நீங்கள் எப்ப நேர்த்தி வைச்சனீங்கள்?"

"போன கிழமை."

"போன கிழமை சனீசுவரனுக்கெல்லோ வைச்சனீங்கள்?"

"அவருக்கும் வைச்சனான். ஒருத்தருக்கு வைச்சு மற்றவரை விட்டால் கோவிப்பினம்."

இப்படி வாயடித்துத் தப்பிவிடுவேன். ஒருநாள் அவள், "அப்ப நானும் உங்களோடை சேந்து பிடிக்கட்டோ?" என்றாள். எனக்குத் திக்கென்றது. இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தால் சேர்ந்து முடிக்கவும் வேண்டும். "வேண்டாம், வேண்டாம். நீர் பலவீனமாய் இருக்கிறீர்," என்று சொல்லிவிட்டுக் உறுதி எழுதும் கந்தோர் அறைக்குள் போய்விட்டேன். நல்லாய்ச் சமாளித்தேன் என்று ஒரு சந்தோஷம் வேறு. பலவீனம் என்ற அந்தச் சொல்லை அவள் எங்கே கொண்டுபோய் வைத்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

எல்லாவற்றிலும் பெரிய அநியாயம் கேதாரகௌரி விரதம். உமையம்மை இருபத்தொரு நாள் நோற்றுச் சிவனுடைய உடம்பில் பாதியைப் பெற்ற விரதம் அது. புருஷனும் மனைவியும் பிரியாமல் இருப்பதற்காகப் பிடிப்பது. அதை நான் பிடித்தது மனைவியிடமிருந்து இருபத்தொரு நாள் தப்புவதற்கு. கௌரி காப்பு முடிந்த மறுநாள் கந்தசஷ்டி தொடங்கும். அது ஆறு நாள். பிறகு கார்த்திகைச் சோமவாரம். பிறகு பிள்ளையார் கதை இருபத்தொரு நாள். அது முடிய மார்கழியில் திருவெம்பாவை. மழைகாலம் முழுவதும் எனக்குக் கவலை இருக்கவில்லை. சித்திரை வைகாசியில்தான் கொஞ்சம் இடர்ப்படும். சமயம் அந்த இரண்டு மாதங்களையும் ஏன் இப்படிக் காய விட்டது என்று நான் யோசித்ததுண்டு.

ஊர் என்னைக் கொண்டாடத் தொடங்கியது. விரதம் பிடிக்கிற நொத்தாரிசு பொய் உறுதி எழுதமாட்டான் என்று சொல்லிக் கோப்பாயிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முன்னர் எனக்கு நல்ல தொப்பை. அது மெல்ல மெல்ல வற்றிக் கன்னமும் ஒட்டிப்போனது. "தபசியின்ரை முகம் மாதிரி ஒரு களை," என்று கிழவிகள் சொன்னார்கள். களையாவது, மண்ணாங்கட்டியாவது. சீனி வியாதி என்னை உள்ளிருந்து தின்றுகொண்டிருந்தது. ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் அடுத்த செம்புக்குத் தவனம் எடுக்கும். விடிவதற்குள் நாலைந்து தரம் வேலிப்பக்கம் போய்வருவேன். அதையும் விரதத்தின் கணக்கிலேயே போட்டேன். வெறுவயிற்றில் இருக்கிறவனுக்குத் தவனம் எடுக்கும்தானே.

இரண்டு வருடம் போன பிறகு மருந்து தேடப் புறப்பட்டேன். எங்கள் பக்கத்துப் பரியாரியிடம் போனால் அவர் மருந்து இடித்து முடிப்பதற்குள் கதை சந்தைக்குப் போய்விடும். அதனால் ஒரு காணி அலுவல் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறி நெல்லியடிப் பக்கம் போனேன். அங்கே ஒரு வயதான பரியாரியார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆருக்கு வருத்தம்?" என்று கேட்டார்.

"என்ரை சிநேகிதர் ஒருத்தருக்கு," என்று சொல்லி விஷயத்தைச் சுற்றிவளைத்துச் சொன்னேன்.

"சிநேகிதருக்கு எத்தினை வயசு?"

"முப்பத்தாறு."

"உமக்கு?"

"முப்பத்தாறு."

"ஒண்டாய்ப் படிச்சனீங்களாக்கும். சரி, சிநேகிதரின்ரை கையை ஒருக்காத் தாரும், நாடி பாப்பம்."

கையை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அது பெரிய மனுசத்தனம். மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"சிநேகிதருக்குத் தவனம் கூடவோ?"

"இல்லை."

"சலம் அடிக்கடி போறதோ?"

"அப்பிடியொண்டும் இல்லை."

"மெலிஞ்சு போனாரோ?"

"அவர் விரதகாரர், ஐயா. அதாலை கொஞ்சம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். இல்லாத சிநேகிதனுக்காக வெட்கப்பட்டேன் போலிருக்கிறது. அந்த ஒரு குறையைச் சொல்லவே உயிர் போய் வந்தது. அதோடு இன்னும் மூன்று குறையைச் சேர்த்து அவனைக் கேவலப்படுத்த மனம் வரவில்லை. பரியாரியார் கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். "நாடி வேறை மாதிரிச் சொல்லுது. சரி, சிநேகிதருக்குத் தன்ரை உடம்பு தெரியாமல் இருக்குமோ," என்று சொல்லிவிட்டு ஒரு சாடியில் லேகியம் போட்டுத் தந்தார். கறுத்துப் பளபளவென்று இருந்தது. பனங்கட்டிப் பாகும் தேனும் நெய்யும் சேர்த்துக் கிண்டிய சரக்கு. காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவு; கற்கண்டு போட்ட பசுப்பால் மேலே.

நல்ல ருசி. மறைக்கவேண்டியதில்லை. சாடியைக் கந்தோர் அலுமாரியில் பழைய உறுதிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். நெல்லிக்காய் அளவு கொஞ்ச நாளில் எலுமிச்சங்காய் அளவானது. பலன் ஒன்றும் இல்லாதபோது அளவு காணாது என்றுதானே தோன்றும்? சாடி முடிய மறுபடி நெல்லியடிக்குப் போனேன். "சிநேகிதருக்கு எப்பிடி?" என்றார். "சுகம் தெரியுது," என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன். அலுமாரிக்குள் எறும்பு புற்றெடுத்தது. ஒரு கிழவருடைய காணி உறுதியைப் பிரித்துக் கொடுத்தபோது பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. "பழைய உறுதி, அப்பிடித்தான்," என்றேன். அவர் விரலை மோந்து பார்த்துவிட்டுப் போனார்.

மருந்து தின்னத் தின்ன உடம்பு போனது. கால் எரிந்தது. கண் மங்கி, எழுத்து இரண்டாகத் தெரிந்தது. நான் பயந்து லேகியத்தைக் கூட்டினேன். வெட்கப்பட்டு விரதத்தைக் கூட்டினேன்.

வீட்டில் அவள் பூ வைப்பதை விட்டிருந்தாள். நான் முன்விறாந்தையில் படுத்தேன். அவள் மகளோடு உள்ளே. எனக்குச் சோறு போட்டுவிட்டுக் கதவு நிலையோடு நிற்பாள். ஒருநாள், "நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டாள். என்னுடைய வழமைப்படி, "உப்பைக் கூடப் போட்டிட்டீர்," என்றேன். அவள் சிரிக்கவில்லை. கறியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு அவளுடைய அண்ணன் வந்தார். புகையிலைத் தோட்டக்காரர். குரலும் பெரிசு, ஆளும் பெரிசு. கந்தோர் அறையில் இரண்டு கட்சிக்காரர் இருந்ததைப் பார்த்துவிட்டு, அவர்கள் எழும்பிப் போகும்வரை சால்வையால் விசிறிக்கொண்டு நின்றார்.

"மச்சான், ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லும். காவி உடுக்கப் போறீரோ?"

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? கண்ணாடியைப் பாரும் காணும். பட்டினத்தார் தோத்துப்போவார். உள்ளுக்கை ஒருத்தி விசர் பிடிச்சவள் மாதிரி இருக்கிறாள். கேட்டால் ஒண்டும் சொல்லுறாளில்லை. துறவுக்குப் போறதெண்டால் இப்பவே சொல்லிப்போட்டுப் போம். வேறை எங்கையும் ஏதும் தொடுப்பெண்டால் அதையும் சொல்லும். காலை முறிச்சுப்போட்டு, பேந்து இருந்து கதைப்பம்."

"இரண்டும் இல்லை, மச்சான்."

"அப்ப என்ன?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அந்த மனிதர் ஆறு பிள்ளைகளின் தகப்பன். ஏழாவது வழியில் வந்துகொண்டிருந்தது. "பக்தி," என்றேன்.

"உந்தப் பக்தியிலை இடி விழ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருட ஐப்பசியில் கௌரி காப்பு இருபத்தொரு நாளும் பிடித்து, ஓய்வில்லாமல் கந்தசஷ்டிக்குள் இறங்கினேன். ஆறு நாளும் சோறு இல்லை. பாலும் பழமும்தான் என்று அறிவித்திருந்தேன். பாலும் பழமும் மட்டும் தின்னுகிற விரதகாரனைப் பட்டினி கிடக்க எந்த ஊர் விடும்? கதலிக்குலை வந்தது. சீனி போட்டுக் காய்ச்சிய பால் செம்பு செம்பாய் வந்தது. கோயிலில் பஞ்சாமிர்தத்தை ஐயர் தன் கையாலே அள்ளித் தந்தார். இதற்கு மேலே என்னுடைய லேகியம். நாலாம் நாள் தின்றதெல்லாம் சத்தியாய் வெளியே வந்தது. ஐந்தாம் நாள் கோயில் மணிச்சத்தம் தூரத்தில் கேட்பதுபோலக் கேட்டது. ஆறாம் நாள் பின்னேரம் சூரன்போர். சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. சூரனுக்கு யானைத்தலை கழற்றிச் சிங்கத்தலை பூட்டினார்கள். அந்தச் சிங்கத்தலை இரண்டாக, நாலாக என் கண்முன்னால் பிரிந்தது. நான் மணலில் விழுந்தேன்.

"நொத்தாரிசருக்குக் கலை வந்திட்டுது!" என்று யாரோ கத்தினார்கள்.

நான் கிடந்த இடத்தில் கால் கை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பெருமூச்சு விட்டிருக்கிறேன். தெய்வம் வந்திறங்கியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சனம் சுற்றி நின்று அரோகரா போட்டது. திருநீற்றை அள்ளி என் முகத்தில் கொட்டினார்கள். என்னுடைய கட்சிக்காரர் ஒருவர் குனிந்து, "ஐயா, வாக்குச் சொல்லுங்கோ, எங்கடை வழக்கு வெல்லுமோ?" என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. "தண்ணி," என்றேன். அவர் எழும்பி, "தண்ணியாம்! கிணத்துப் பங்கு எங்களுக்குத்தானாம்!" என்று கூவினார். எதிர்க்கட்சிக்காரரும் அங்கேதான் நின்றிருக்கிறார். அங்கேயே கைகலப்புத் தொடங்கியதாம். தண்ணீர் மட்டும் ஒருவரும் தரவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து அவள் சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகத்துத் திருநீற்றைச் சேலைத்தலைப்பால் துடைத்தாள். "உது கலையில்லை! அண்ணை, ஓடிப்போய் ஒரு காரைப் பிடியுங்கோ. இந்தாளைச் சாகவிட்டுப்போட்டு நிண்டு அரோகரா போடுறியளோ?" என்று அவள் கத்திய சத்தத்தில் மேளகாரரும் நிறுத்திவிட்டார்களாம். அவள் அவ்வளவு சத்தமாகக் கதைத்ததை அதற்கு முன்னர் ஊர் கேட்டதில்லை. நானும்தான்.

ஆசுபத்திரியில் எனக்கு நினைவு திரும்பியது இரண்டு நாள் கழித்து. வயதான டாக்குத்தர் ஒருவர். என் வாயை மோந்து பார்த்த உடனேயே அவருக்கு வருத்தம் விளங்கிவிட்டதாம். நான் எழும்பி இருக்கத் தொடங்கியதும் ஒரு கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து காட்டினார். நீலமான ஒரு மருந்துநீரில் என் சலத்தில் சில துளிகளை விட்டு விளக்கில் சூடாக்கினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"நீலமாய் நிண்டால் நல்லது. உமக்குச் செங்கட்டி. சலரோகம். உமக்கு இன்சுலின் ஊசி போட்டிருக்கிறம்; அது வர முந்தின காலமெண்டால் இப்ப நீர் செத்து உம்மடை எட்டுச் சிலவும் நடந்திருக்கும். எத்தினை நாளாய்த் தவனம்?"

"இரண்டு வருசத்துக்கு மேலை."

அவர் பக்கத்தில் நின்ற தாதியை அனுப்பிவிட்டுக் கதிரையைக் கிட்ட இழுத்தார்.

"வீட்டிலை மனிசியோடை எப்பிடி?"

"நல்ல மனிசி, டாக்குத்தர்."

"மனிசியின்ரை குணத்தை நான் கேக்கேல்லை."

நான் கூரையைப் பார்த்தேன். "விரதம்," என்றேன்.

"எவ்வளவு காலமாய்?"

"மூண்டு வருசம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சலரோகக்காரரிலை கனபேருக்கு உந்தக் கரைச்சல் இருக்கு, ஐசே. ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். ஒருத்தர் தனக்குச் சூனியம் வைச்சிட்டினம் எண்டு சொன்னார். விரதத்துக்குள்ளை போய் ஒளிச்ச ஆளை இப்பதான் காணுறன். மருந்தேதும் எடுத்தனீரோ?"

லேகியத்தைச் சொன்னேன். என்னென்ன சேர்ந்தது என்று கேட்டார். சொல்லச் சொல்ல அவர் முகம் சிரிப்பதா அழுவதா என்று இருந்தது.

"சீனி வருத்தத்துக்குப் பனங்கட்டியும் தேனும் கற்கண்டும். திட்டம் போட்டுச் செய்தாலும் உப்பிடிச் செய்யேலாது. பரியாரியார் தவனம் இருக்கோ எண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவர்."

"நீர்?"

"இல்லையெண்டனான்."

"அப்ப அந்தாளைக் குறை சொல்லேலாது."

பிறகு எனக்குக் கேட்கவேண்டி இருந்த ஒன்றைக் கேட்டேன். மாறுமோ?

"சீனியைக் கட்டி வைச்சிருந்தால் சிலபேருக்குத் திரும்பி வருது. சிலபேருக்கு அரையும் குறையும். சிலபேருக்கு வாறேல்லை. நீர் எந்தப் பக்கமெண்டு எனக்குத் தெரியாது. தெரியுமெண்டு சொன்னால் அதுவும் ஒரு லேகியம்தான். ஊசி நெடுகப் போடவேணும். சோத்தைக் குறைக்கவேணும். இனிப்பு வாயிலை படக்கூடாது. விரதம் கூடவே கூடாது. ஊசி போட மனிசிதான் பழகவேணும், நாளைக்கு வரச்சொல்லியிருக்கிறன். அதுக்கு முந்தி மற்றதை நீர் அவவிட்டைச் சொல்லும்."

"ஊசிக்கு அதேன்?"

"உம்மடை ஊசியைப் பிடிக்கப்போற கை அது," என்றார். "ஏன் பிடிக்கிறன் எண்டு அவவுக்குத் தெரியவேணும்."

மறுநாள் முற்பகல் அவள் குரக்கன் கஞ்சி கொண்டு வந்தாள். ஆசுபத்திரி விறாந்தையில் கிடந்த மர வாங்கில் இருந்தோம். அங்குமிங்குமாய் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நான் பழக்கதோஷத்தில், "இதனால் சகலரும் அறியவேண்டியது என்னவெனில்," என்று உறுதி எழுதுவதுபோலத் தொடங்கினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு பகிடி வரவில்லை.

"எனக்கு ஏலாது," என்றேன். "மூண்டு வருசமாய் ஏலாது. விரதமெல்லாம் பொய்."

"என்ன ஏலாது?"

சொன்னேன். எவ்வளவு மெல்லமாகச் சொன்னேன் என்றால், இரண்டாம்முறையும் சொல்லவேண்டி வந்தது.

அவள் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "மனமில்லாமல் இல்லையோ?"

"மனத்துக்கு ஒரு வருத்தமும் இல்லை. டாக்குத்தரைக் கேளும். சலரோகம் செய்யிற வேலையாம்."

நான் எதிர்பார்த்தது என்ன? இரக்கப்படுவாள் என்று நினைத்தேன். கொஞ்சம் சிரிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள்.

"பிள்ளை செத்ததுக்கு என்னிலை கோவமெண்டு நினைச்சன். ஒரு ஆம்பிளைப்பிள்ளையைப் பெத்துத் தர ஏலாதவளைத் தொட மனமில்லையெண்டு நினைச்சன். நானும் விரதம் பிடிக்கட்டோ எண்டு கேட்டனான். பலவீனமாய் இருக்கிறீர் எண்டனீங்கள். அதுக்குப் பிறகு எனக்கு என்ன சந்தேகம்? ஊரெல்லாம் உங்களைக் கும்பிடக் கும்பிட, உப்பிடிப்பட்ட மனிசனுக்கு நான் பாவம் செய்தவள் எண்டு நினைச்சன். எத்தினை நாள் விடியக்காலமை கிணத்துக்கட்டிலை நிண்டனான் தெரியுமோ? மகள் எழும்பி அம்மா எண்டு கூப்பிட்டதாலை திரும்பி வந்தனான்."

"நான் அப்பிடி நினைக்கேல்லை. ஒருநாளும் நினைக்கேல்லை."

"நீங்கள் சொன்னால்தானே எனக்குத் தெரியும்?"

எந்த நேரமும் வாய் மூடாத மனிதன் என்று பெயரெடுத்தவன் நான். சொல்லவேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லியிருந்தேன். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். போகும்போது கஞ்சி பாதி அதில் இருந்தது. எனக்குப் பசித்தது, கேட்கப் பயமாக இருந்தது.

ஊசி பழகச் சொன்ன நேரத்துக்கு வந்தாள். தாதி எலுமிச்சம்பழத்தை அவள் கையில் கொடுத்துக் குத்திப் பழக்கினாள். இரண்டு பழம் குத்திய பிறகு மூன்றாவதாக என் மனைவி என் தொடையில் குத்தினாள். பழத்தை என்னைவிடக் கொஞ்சம் கவனமாகக் குத்தியதாக எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து மாதக்கணக்காக அதுதான் எங்கள் கதைவார்த்தை. காலையில் ஊசியை அவித்து, மருந்தை இழுத்து, "காலை நீட்டுங்கோ" என்பாள். குத்துவாள். போவாள். கிண்ணத்தால் அளந்து சோறு போடுவாள். லேகியச் சாடியைக் கண்டுபிடித்து ஒரு வார்த்தை கேளாமல் எருக்கும்பியில் கொட்டினாள். நான் விரதங்களை விட்டதும் ஊர் என்னைக் கைவிட்டது. ஆசுபத்திரியில் வேதக்காரர் என்னை மதம் மாற்றிவிட்டதாக ஒரு கதை; கலை வந்த உடம்பை டாக்குத்தர் ஊசியால் கெடுத்துவிட்டார் என்று இன்னொரு கதை. மச்சான் மட்டும் ஒருநாள் வந்து, முற்றத்தில் நின்று, "உந்த வருத்தமெண்டு எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே, காணும்," என்றார். எந்த வருத்தம் என்று அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்கழி கடைசியில் ஒருநாள், "பனி கொட்டுது. பாயை உள்ளுக்குப் போடுங்கோ," என்றாள். போட்டேன். கண்ணாடிக் குழாயில் நீலம் நீலமாகவே நிற்கத் தொடங்கிய காலம் அது. டாக்குத்தர் சொன்ன மூன்று பக்கத்தில் நான் எந்தப் பக்கம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: நடுப்பக்கம். சில நாள் ஏலும். கன நாள் ஏலாது. அதைவிடக் கூடச் சொன்னால் அது பெருமைக்குச் சொல்வதாகும். ஏலாத நாளில் நான் ஏதாவது பகிடி விடுவேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்ப்பாள். இது உடம்பா, மனமா என்று ஒவ்வொரு தரமும் அவளுக்குத் திரும்பப் பார்த்து நிச்சயப்படுத்தவேண்டி இருந்தது. மூன்று வருடம் நம்பியதை ஒரு விறாந்தை வாங்கில் இருந்து கேட்ட இரண்டு வசனம் அழித்துவிடாது என்று எனக்கு மெல்லத்தான் விளங்கியது.

அடுத்த வருட மாரிகாலத்தில் ஒரு காலை. வழமைபோல ஊசியைக் குத்திவிட்டு, மருந்தை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டு, தலை நிமிராமலே கேட்டாள்.

"அவன்ரை முகத்தைப் பாத்தனீங்களோ?"

யாரை என்று நான் கேட்கவில்லை. "பாத்தனான்," என்றேன்.

"எனக்கு ஒருத்தரும் காட்டேல்லை."

"நீர் காய்ச்சலிலை கிடந்தனீர்."

"ஓம். எப்பிடி இருந்தவன்?"

ஊசி தொடையிலேயே நின்றது. நான் சொன்னேன். தலைமயிர் கனக்க இருந்தது, ஈரமாய் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது என்று சொன்னேன். மூக்கு அவளுடையது என்று சொன்னேன். வலக்கை விரல்கள் மூடியிருந்ததையும், என்னுடைய வெள்ளைச் சால்வையால் சுற்றியதையும், அவளுடைய அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுததையும் சொன்னேன். அவனைக் கையில் வைத்திருந்தபோது அவள் எழும்பியதும் என்ன சொல்வது என்ற யோசனையைத் தவிர எனக்கு வேறு யோசனை இருக்கவில்லை என்றும் சொன்னேன்.

அவள் ஊசியை இழுத்தெடுத்து, அந்த இடத்தைப் பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வேறை?" என்றாள்.

காதைப் பற்றிச் சொன்னேன். சின்னக் காது.

"வேறை?"

அதற்குமேல் எனக்கு ஞாபகம் இல்லை. இல்லாததைச் சேர்த்துச் சொல்ல எனக்குத் தெரியும். அதுதான் என் தொழில். அன்றைக்குச் சேர்க்கவில்லை. "அவ்வளவுதான் எனக்குத் தெரியும்," என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பெருவிரலை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.